மூச்சு நைனாவின் டீசல் டேங்க்

உலகத்தில் கோடிக்கணக்கான பேர் வண்டிக்கு டீசல் போடுகிறார்கள். தன் வண்டியின் டேங்க்குக்கு ஆஸ்துமா என்று ஒரு பெட்ரோல் பங்க்கையே இரண்டு வருடம் நம்ப வைத்த மனிதர் மூச்சு நைனா ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. பழவேற்காட்டுக்குப் போகிற சாலையில் ஒரு பங்க்கில் மூன்று வருடம் மானேஜராக இருந்தேன். எங்கள் பம்ப் ஆபரேட்டர் தாவூத் பாய் ஒரு தடவை அவருடைய லைசென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். "பேர் இன்னா பாய் போட்டிருக்கு?" என்று கேட்டேன். "போட்டோ பார்த்து சிரிச்சதுல பேரைப் பாக்க மறந்துட்டேன் சார்" என்றார். அவருடைய ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் சின்னப் பிள்ளையிலிருந்து பல் போன கிழவர் வரை எல்லோருக்கும் அவர் மூச்சு நைனா. அவர் சம்சாரம்கூட அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

மானேஜர் என்றதும் நாற்காலி, மேஜை, ஏசி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாற்காலியும் மேஜையும் உண்டு, பிளாஸ்டிக். தங்குவதற்குப் பங்க்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை, அதில் ஒரு கட்டில். கூரையில் ஒரு போல்ட் கழன்று விழுந்து, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, சரியாக என் கட்டிலுக்கு மேலே. மேல் அலுவலகத்துக்கு எழுதினேன். ஓட்டையின் போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். ஓட்டைக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ கேட்டார்கள், ஸ்டூலின் மேல் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து அனுப்பினேன். அது ஓட்டைதான் என்று கொள்கை அளவில் ஒப்புக்கொண்டு பதில் வந்தது. ஐப்பசி வந்தால் நானும் ஒரு பக்கெட்டும் கட்டிலைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு படுப்போம்.

நைனாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடித்துக் கட்டின லுங்கி, மேல் பட்டன் இல்லாத காக்கிச் சட்டை. சட்டைப் பையில் ஒரு பழைய ரப்பர் செருப்பின் பாதி, ஒரு சின்னக் கத்தி, வலை தைக்கிற நைலான் நூல் உருண்டை. மற்றவர்கள் பேனா வைத்துக்கொள்வது மாதிரி இவர் செருப்பை வைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று ஆரம்பத்தில் நான் கேட்கவில்லை. குப்பத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஓட்டியது செகண்ட் ஹேண்டில் வாங்கின பிக்கப் வண்டி. குப்பத்துப் பெண்கள் எடுக்கிற இறால், நண்டு, மீன் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் ஏற்றி மீஞ்சூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதுதான் தொழில். ஐஸ் உருகி, மீன் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக வண்டியின் அடிவயிறு முழுக்க வருடக்கணக்கில் சொட்டி ஊறியிருந்தது. எனவே வண்டி வருவதற்கு முன்னால் வாசனை வரும். பாய் மூக்கை ஒரு இழுப்பு இழுத்து, "நைனா பாலம் தாண்டிட்டாரு சார், அஞ்சு நிமிஷம்" என்பார். ஒரு நாளும் தப்பியதில்லை.

வந்து நின்றதும் சடங்கு ஆரம்பமாகும். நைனா இறங்கி, டேங்க் மூடியை ஒரு கையால் பிடித்து, மறு கையால் எங்களையெல்லாம் அமைதியாக இருக்கச் சொல்லி, மெதுவாகத் திருகுவார். உள்ளிருந்து "உஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம் வரும்.

"கேட்டியா மானேஜரே? பெருமூச்சு வுடுது. நேத்து மீஞ்சூர் ரோட்ல மூணு தபா நின்னுபுட்ச்சு. மூடிய தொறந்து மூச்சு வுட வெச்சி, முதுவ தட்டிக் குட்த்து இட்டுகினு வந்தேன்."

"முதுகையா?"

"டேங்க் முதுவ."

பாய் நாசிலை உள்ளே விட்டு அழுத்துவார். டக். நின்றுவிடும். மறுபடி அழுத்துவார். டக். டீசல் வாய் வரைக்கும் நுரைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே இறங்கும். மறுபடி டக். ஒரு டக்குக்கு அரை டம்ளர் டீசல் போனால் அதிர்ஷ்டம். மற்ற வண்டிகளுக்கு இரண்டு நிமிடம் ஆகிற வேலை நைனாவுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் முதலில் ஹாரன் அடிப்பார்கள், பிறகு திட்டுவார்கள், கடைசியில் இறங்கி வந்து யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள். வரிசையில் நிற்பவனுக்கு மூன்றாவது கட்டத்தில் மெக்கானிக் மூளை வந்துவிடுகிறது என்பது அங்கே நான் கற்ற பாடம்.

ஒருவர் வண்டியை ஆட்டச் சொன்னார். சட்டென்று ஆறு பேர் கூடி, படகைக் கரையிலிருந்து தள்ளுகிற மாதிரி தோள் கொடுத்து, "ஆங்... போடு... ஆங்" என்று ஆட்டினார்கள். டீசல் ஒரு சொட்டும் கூடுதலாக இறங்கவில்லை. பெட்டியிலிருந்து நான்கு நண்டுகள் இறங்கின. அவற்றில் ஒன்று என் அலுவலக அறைக்குள் புகுந்து இரண்டு நாள் பொறுப்பில் இருந்தது.

இன்னொருவர் நாசிலைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னார். இது கொஞ்சம் பலித்தது. அதனால் பாய் தினமும் ஒரு முழங்காலில் மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, நாசிலைப் புல்லாங்குழல் போலப் பிடித்துக்கொண்டு நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டார். வெளியூர்க்காரர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

நைனாவின் சொந்தச் சிகிச்சை காற்று சம்பந்தப்பட்டது. "வாடக்காத்து அடிக்கசொல்ல வண்டி மூஞ்சிய வடக்க காட்டி நிறுத்து. அப்ப குடிக்கும்" என்றார். அதற்காக அவர் வண்டியைத் திருப்ப, அவருக்கு இடம் விட மற்றவர்கள் திருப்ப, பங்க் முழுக்க வண்டிகள் திருவிழா மாட்டைப் போல ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. வடக்கே பார்த்தும் டக். தெற்கே பார்த்தும் டக். ஒருநாள் திருஷ்டி கழிக்கிறேன் என்று டேங்க் வாய்க்கு எதிரே ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்துவிட்டார். வாழ்க்கையில் நான் ஒரு மேஜையைத் தாண்டிக் குதித்தது அன்று ஒருநாள்தான்.

"நைனா! இது பங்க்!"

"தெர்யும் மானேஜரே. கோயில்ல காட்டுனா இங்க எப்டி கேக்கும்?"

செருப்பின் ரகசியம் தெரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. நாற்பது நிமிடமும் மனிதர் சும்மா நிற்க வேண்டுமே. பங்க்கைச் சுற்றி வருவார். அவருக்கு எங்கேயாவது ஓர் ஓட்டை கண்ணில் பட்டால் போதும், முகம் மாறிவிடும். உடனே உட்கார்ந்து, செருப்பிலிருந்து ஒரு துண்டு ரப்பரைச் சீவி, அளவு பார்த்து, நூலை இறுக்கிச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தி அடைத்துவிட்டு எழுந்தால்தான் நிம்மதி. பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவில் ஒரு ஓட்டை இருக்குமே, அது அடைக்கப்பட்டது. மழை பெய்த மறுநாள் நான் அதில் உட்கார்ந்தபோது அந்த ஓட்டை எதற்காக என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது. வாஷ்பேசினில் மேல் ஓரத்து ஓட்டை அடைபட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிவறை ஏரியானது. பூந்தொட்டிகளுக்கு அடியில் இருந்த ஓட்டைகளையும் விடவில்லை. குரோட்டன்ஸ் செடிகள் தண்ணீரில் மூழ்கிச் செத்தன.

உச்சமாக, வாடிக்கையாளர் புகார்ப் பெட்டியின் வாயையும் அடைத்துவிட்டார். மழைத்தண்ணீர் உள்ளே போய்விடுமாம். அது எங்களுக்கே தெரியாது. தொடர்ந்து மூன்று மாதம் ஒரு புகார்கூட வரவில்லை என்பதைக் கவனித்த மேல் அலுவலகம், எங்கள் சேவையைப் பாராட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் அனுப்பியது. அதை மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்தேன். சரியாக இறங்கவில்லை, பிடுங்கி வேறிடத்தில் அடித்தேன். மறுநாள் பழைய ஆணி ஓட்டையில் ரப்பர் இருந்தது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு என் படுக்கை அறைக்குள் மட்டும் அவரை நான் விடுவதில்லை. கூரை ஓட்டையோடு நிறுத்திக்கொள்ள மாட்டார், ஜன்னலையும் அடைத்துவிடுவார் என்று பயம்.

வண்டிக்கு வருவோம். மீஞ்சூரில் மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்பது கொஞ்சம் தாராளமான வார்த்தை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய வேலை இது. அந்த அடிவயிற்று நாற்றத்துக்குப் பக்கத்தில் போக மூவருக்கும் மனம் வரவில்லை. மூவரும் காற்று அடிக்கிற பக்கமாகப் போய், மூக்கில் கர்ச்சீப் வைத்துக்கொண்டு, பத்தடி தள்ளி நின்றே நோயைக் கண்டுபிடித்தார்கள். முதலாமவர் ஃபில்டரை மாற்றினார். இரண்டாமவர் பம்ப்பை மாற்றினார். மூன்றாமவர் வண்டியையே மாற்றச் சொன்னார்.

எங்கள் நாசில்தான் கோளாறு என்று வரிசைக்காரர்கள் கிளப்பிவிட்டதால் மேல் அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டரும் வந்தார். மஞ்சள் ஹெல்மெட், கையில் அட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஹெல்மெட்டின் பக்கவாட்டில் காற்றுக்காக இருந்த சின்ன ஓட்டைகளை நைனா உற்றுப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் கை சட்டைப் பைக்குப் போவதற்குள் பிடித்து நிறுத்தினேன்.

இன்ஸ்பெக்டர் நாசிலை அளவு கேனில் வைத்துப் பரிசோதித்தார். கச்சிதமாக இருந்தது. பிறகு பத்தடி தள்ளி நின்று வண்டியைப் பார்த்தார்.

"வண்டியில நீங்க ஏதாவது மாத்தம் பண்ணீங்களா?"

"ஒன்னியும் பண்ல சார். கடல் மேல சத்தியம். வாங்குனது இன்னாவோ அப்டியே கீது."

"டேங்க்ல கை வெச்சீங்களா?"

"முதுவ தட்டுவேன். அவ்ளோதான்."

அவர் அட்டையில் நிறைய எழுதிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. நாசில் நன்றாக இருக்கிறது, வண்டியும் நன்றாக இருப்பதாக அதன் உரிமையாளர் சொல்கிறார், எனவே குறை ஏதுமில்லை என்று அதில் கண்டிருந்தது.

சிரித்துக்கொண்டே ஓட்டிய இந்தக் கதையில் சிரிப்பு நின்ற இடம் ஒன்று உண்டு. சித்திரை வெயில். ஒரு செவ்வாய்க்கிழமை நைனா வண்டி நடுரோட்டில் நின்று, மூடியைத் திறந்தும் கிளம்பாமல், மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீராகிவிட்டது. இறால் கெட்டுப்போனது. மறுநாள் பாக்கியம் அக்கா வண்டியோடு பங்க்குக்கே வந்துவிட்டார். குப்பத்து மீன்காரப் பெண்களுக்கு அவர்தான் தலைமை. பேசினால் பங்க்கின் ஸ்பீக்கர் பெட்டிகூடப் பணம் வந்ததைச் சொல்லத் தயங்கும்.

"இன்னா நைனா இது? பொழுதன்னிக்கும் இதே ரோதனையா கீது. நேத்து அத்தனி எறாவும் செவந்து போயி மணல்ல கொட்டினோம். பதினாலு பொம்பளைங்க சோறு அது. நீ பெரியவன்னு இத்தினி நாளு வாய மூடிகினு இருந்தோம்."

நைனா தரையைப் பார்த்தார்.

"வர்ற ஞாய்த்துக்கெழம வரிக்கும் பாப்போம். அன்னிக்கும் வண்டி வழில நின்னுச்சுனா, திங்கள்லேந்து லோடு மீஞ்சூர்க்காரன் வண்டில போவும். அப்பறம் வந்து மூச்சு, பேச்சுன்னு சொல்லிகினு நிக்காத."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். அன்று நாற்பது நிமிடமும் வண்டிப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்த டீ கிளாஸின் மூடியில் ஆவி போக ஓர் ஓட்டை இருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. கடலை விட்டு வந்தவருக்கு அந்த வண்டி ஒன்றுதான் பிழைப்பு என்பதும், அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் வண்டிக்கு வேலையே இல்லை என்பதும் பாய் சொல்லித்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மீன் வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. காலையில் வெயில் ஏறுகிற நேரம் நைனா வண்டி வந்தது, கேபினில் பாக்கியம் அக்கா, பின்னால் உச்சி வரைக்கும் பெட்டிகள். அன்றைக்கு நைனா முகத்தில் சவரம் செய்து, சட்டைக்குப் பட்டன்கூட வைத்திருந்தார். மூடியைத் திறந்தார். உஸ்ஸ்ஸ். பாய் "பிஸ்மில்லா" என்று சொல்லி நாசிலை விட்டார்.

டக்.

மண்டியிட்டார். சாய்த்தார். தலைகீழாகப் பிடித்தார். டக், டக், டக். அன்று அரை டம்ளரும் இறங்கவில்லை. டீசல் நுரை பொங்கி பாயின் கையில் வழிந்தது. வரிசை நீண்டது. வழக்கமாக யோசனை சொல்பவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நைனா டேங்க்கைத் தடவிக்கொண்டே, "குடிம்மா... இன்னிக்கு ஒரு நாளு குடிம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பாக்கியம் அக்கா கேபினிலிருந்து இறங்கினார். புடவையை இழுத்துச் செருகினார்.

"இதுக்கு அடில எவனாச்சும் படுத்து பாத்தானா?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார். "இல்லக்கா... நாத்தம்..." என்றேன்.

"நாத்தமா? மீனு நாத்தம்? எனுக்கா?"

அவ்வளவுதான் சொன்னார். ஒரு காலி சாக்கை விரித்துப்போட்டு, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போய்விட்டார். மூன்று மெக்கானிக்கும் ஒரு இன்ஸ்பெக்டரும் போகாத இடத்துக்கு அந்த அம்மாள் தன் வீட்டு அடுப்படிக்குள் போகிற மாதிரி போனார். வெளியே அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. "இங்க டேங்க் தலைலேந்து ஒரு குட்டிப் பைப்பு மேல ஏறி வந்து கொக்கில மாட்டிகினு கீது. அது வாய எவனோ அட்ச்சி வெச்சிகீறான்."

நைனாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"நீல ரப்பரு. வலநூலு போட்டு ஏழு சுத்து சுத்திகீது." குரல் ஏறியது. "இது எவன் கட்டுன முடிச்சுன்னு எனுக்குத் தெர்யாதா?"

நானும் பாயும் வரிசையும் திரும்பி நைனாவைப் பார்த்தோம். அடியில் அக்கா பிடுங்கியிருக்க வேண்டும், உஸ்ஸ்ஸ் என்று இதுவரை கேட்காத நீளத்துக்கு ஒரு சத்தம் வந்து அடங்கியது. பாய் நாசிலை அழுத்தினார். டக் வரவில்லை. கடகடவென்று ஓடியது மீட்டர். இரண்டு வருடமாகப் புல்லாங்குழல் பிடித்துப் பழகின மனிதர், நேராகப் பிடித்து நிற்கத் தெரியாமல் தவித்தார். இரண்டே நிமிடம், டேங்க் நிறைந்தது.

அக்கா வெளியே வந்தார். முகமெல்லாம் கரி, கையில் அந்த நீல ரப்பர்.

"நீதானே?"

"வண்டி வாங்குன அன்னிக்கு அடில போயி பாத்தேன்மா" என்றார் நைனா. "வாய் தொறந்துகினு இருந்துச்சு. தண்ணி உள்ள பூந்துடுமேன்னு அட்ச்சேன். ஓட்டைய தொறந்து போட்டுட்டு எப்டிமா வண்டிய எடுக்கறது?"

"ஒன்னும் பண்லன்னு கடல் மேல சத்தியம் பண்ணீங்களே!" என்றேன் நான். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் நான்கு குரோட்டன்ஸும் காரணம்.

"ஓட்டைய அடைக்கறது ஒரு மாத்தமா மானேஜரே?"

அக்கா வாயைத் திறந்தார். இன்றைக்கு நைனா தீர்ந்தார் என்று எல்லோரும் ஓரடி பின்வாங்கினோம். அவர் அந்த ரப்பரைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். பிறகு ரப்பரை நைனாவின் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு, "ஏறு நைனா. லேட்டாவுது" என்றார். வண்டி கிளம்பிப் போனது. வழியில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை என்று மத்தியானம் போன் வந்தது.

வண்டி போன பிறகு பாய் என்னிடம் விளக்கினார். "டீசல் உள்ள பூந்தா அங்க இருக்கற காத்து வெளிய வரணும் சார். அந்தப் பைப்பு வழியாத்தான் வரும். அதை அடைச்சா டீசல் எங்க போவும்? ஓட்டறப்பவும் அப்படித்தான். இன்ஜின் உறிஞ்ச உறிஞ்ச உள்ள காத்து போவணும். போவலன்னா நின்னுடும். மூச்சு முட்டுதுன்னு நைனா சொன்னது நெசம்தான். மூக்கைப் பொத்தினது அவரு கைன்னு மட்டும் தெரியல."

"அக்கா ஏன் பாய் திட்டாம போனாங்க?"

பாய் நாசிலைத் துடைத்து மாட்டினார். "நைனா முன்ன ஃபைபர் போட் வெச்சிருந்தாரு சார். போட்டுக்கு அடில ஒரு ஓட்டை இருக்கும். கரைக்கு வந்தா அதை அடைச்சிருக்கற கட்டைய பிடுங்கி உள்ள இருக்கற தண்ணிய வடிப்பாங்க. திரும்ப கடல்ல எறக்கறதுக்கு முன்னாடி அடைச்சிடணும். ஒரு நாள் காலையில நைனா அடைக்க மறந்துட்டாரு. முகத்துவாரம் தாண்டினப்புறம்தான் தெரிஞ்சிது. போட் போச்சு. நாலு பேரும் நீந்திக் கரைக்கு வந்துட்டாங்க, உசுருக்கு ஒன்னும் ஆவல. அதுல ஒருத்தர் பாக்கியம் அக்கா வீட்டுக்காரரு. இன்னிக்கு வரைக்கும் அவங்க ஒரு வார்த்த கேட்டதில்ல. நைனாதான் அதுக்கப்பறம் கடல்ல காலே வெக்கல."

பூந்தொட்டிகளையும் நாற்காலியையும் நினைத்துக்கொண்டேன். இத்தனை நாள் அவரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு கட்டையை மறந்த மனிதர், உலகத்தில் உள்ள மற்ற எல்லா ஓட்டைகளையும் அடைத்துத் தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் நைனா கூட்டமில்லாத நேரம் பார்த்து வந்தார். லோடு அவருக்கே என்று அக்கா சொல்லிவிட்டாராம். ஆனால் அந்தப் பைப் திறந்தே கிடப்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

"தொறந்தே இருந்தா உள்ள மண்ணு பூந்துடாதா மானேஜரே?"

பாயும் அவரும் ஆலோசித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பைப்பின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, அதில் ஒரு துண்டு நண்டு வலையை இரட்டையாக மடித்துக் கட்டினார் நைனா. காற்று போகும், வரும். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டபோது அவர் முகத்தில் பழைய களை கொஞ்சம் திரும்பியிருந்தது. வரிசைக்காரர்கள் வந்து கிண்டல் செய்வார்கள் என்று அவர் கூச்சப்பட்டதால், அன்று முதல்முறையாக என் அறைக்குள் உட்காரச் சொன்னேன். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், அவமானம் தாங்காமல் மேலே பார்த்துக் கடவுளிடம் முறையிடுகிறார் என்று நினைத்து நானும் தொந்தரவு செய்யவில்லை.

அதற்குப் பிறகு பங்க்கில் ஒரு சுவாரசியமும் இல்லை. நைனா வருவார், இரண்டு நிமிடத்தில் டேங்க் நிறையும், போய்விடுவார். வரிசை நிற்கவில்லை, நண்டு தப்பவில்லை, யாரும் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. அந்த நாற்பது நிமிடம் ஒழிய வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. ஒழிந்த பிறகு, பாலத்துப் பக்கமிருந்து மீன் வாசனை வந்தால் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்கு வந்து நிற்க ஆரம்பித்தேன்.

ஐப்பசி பிறந்து முதல் பெரிய மழை ஒரு மத்தியானத்தில் பிடித்துக்கொண்டது. வழக்கம்போல பக்கெட்டை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, எனக்கான பாதியில் சுருண்டு படுத்தேன். தகரத்தின் மேல் மழை அடித்து நொறுக்கியது. பக்கெட்டில் சத்தமே இல்லை. அரை மணி நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரை ஓட்டையில் நீலமாக ஒன்று தெரிந்தது. ஸ்டூலின் மேல் ஸ்டூல் போட்டு ஏறினேன். நைலான் நூல், ஏழு சுற்று. இரண்டு வருடம் ஒரு வண்டியின் மூச்சைப் பிடித்து வைத்திருந்த அதே ரப்பர்.

ஐம்பத்தைந்து வயது மனிதர், வழுக்குகிற தகரத்தில் எப்போது ஏறினார், யார் பிடித்துக்கொண்டார்கள், ஒன்றும் தெரியாது. பாயைக் கேட்டேன், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் நைனாவையே கேட்டேன்.

"எனுக்கு இன்னா தெர்யும் மானேஜரே? டீசல் போடு, நேரமாவுது" என்றார்.

இப்போது நான் சென்னையில் நான்காவது மாடியில், கான்கிரீட் கூரைக்கு அடியில் இருக்கிறேன். ஒரு சொட்டு ஒழுகாது. மழை பிடித்தால் மட்டும் படுத்தபடியே ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறேன், நீலமாக ஏதாவது தெரிகிறதா என்று.